மேட்டில் கிடைத்த இரண்டு அடுப்புகள்

ஒரு காட்டில் வயதான சிங்கம் ஒன்று அரசாண்டது. ஏதோ ஒரு திறப்பு விழாவில் அது, 'தோண்டினால்தான் நாம் யாரென்று தெரியும்' என்றோ, 'நாம் யாரென்று தெரிந்த பிறகு தோண்டலாம்' என்றோ பேசியது. எது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. தோண்டச் சொன்னது மட்டும் நினைவிருந்தது.

அந்தக் காட்டில் வற்றாத சுனையை ஒட்டி ஒரு மேடு. மேட்டின் கிழக்கே காட்டுப்பன்றிகள், மேற்கே முள்ளம்பன்றிகள். யாருடைய முன்னோர் அங்கே முதலில் அடுப்பு மூட்டினார்களோ அவர்களுக்கே மேடு; மற்றவர்கள் கோடைக்கு முன் முட்காட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சிங்கம் அறிவித்தது. முட்காட்டில் தண்ணீர் கிடையாது. அறிவிப்பில் அது இல்லை.

தோண்ட நியமிக்கப்பட்டது அலங்கு. வெளிக்காட்டில் படித்துவிட்டுத் திரும்பிய எறும்புத்தின்னி. வேலை தற்காலிகம். அறிக்கை பிடித்திருந்தால் நிரந்தரம்.

மேல் அடுக்கில் சிவப்புப் பானைகளும் இரும்புத் துண்டுகளும் கிடைத்தன. கீழ் அடுக்கில் கறுப்பு சிவப்புப் பானைகள், கல் கருவிகள். நடுவில் ஒரு சாண் மணல்.

"பாத்தீங்களா சார்," என்றார் முள்ளம்பன்றித் தலைவர். "கீழ இருக்கிறது நாங்க. மேல இந்தப் பயலுக. எங்கள அடிச்சுத் துரத்திட்டுக் குடியேறினானுக."

"அப்ப மணலு? நாங்க மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தமா?" என்றார் பன்றித் தலைவர். "கீழயும் நாங்கதான், மேலயும் நாங்கதான். பானைய மாத்திக்கிட்டோம். உன் வீட்ல மட்டும் உன் பாட்டன் சட்டியா அடுப்புல இருக்கு?"

அலங்கு அடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுக்குக்கு ஒன்றாக இரண்டு அடுப்புகள், இரண்டிலும் மூன்று கற்கள். இரண்டிலும் ஒரு கல் மட்டும் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது.

அன்று மதியம் பன்றி வீட்டில் கஞ்சிக்கு அழைத்தார்கள். அந்த வீட்டு அடுப்பிலும் ஒரு கல் தாழ்ந்திருந்தது.

"இது ஏம்மா இப்படி?"

"பொங்குனா ஊதுறவ மேல தெறிக்காம அந்தப் பக்கம் வழியணும்ல. எங்க வழக்கம். அந்த முள்ளுக் கூட்டத்துக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றாள் பன்றியம்மா.

மறுநாள் முள்ளம்பன்றி வீட்டில் கஞ்சி. அங்கேயும் ஒரு கல் தாழ்வு. "எங்க வழக்கம். பன்னிகளுக்கு இந்தப் பதவிசு வராது" என்றாள் அந்த வீட்டம்மா.

அலங்கு இரு தலைவர்களையும் குழிக்குப் பக்கத்தில் கூப்பிட்டது. "மணல் வெள்ளம் போட்டது. முன்னாடி இருந்தவங்களேதான் வெள்ளம் வடிஞ்சதும் திரும்பி வந்திருக்காங்க. பானை மாறிச்சு, கருவி மாறிச்சு. அடுப்புக் கல்லு மாறல. இன்னைக்கு உங்க ரெண்டு வீட்லயும் அதே அடுப்புதான். நீங்க ரெண்டு பேருமே அவங்க பிள்ளைங்க."

"அப்ப எங்க முள்ளு?"

"அது பின்னால முளைச்சது."

தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காட்டின் வரலாற்றில் முதன்முறையாக ஒரே குரலில் பேசினார்கள். "இவன்கூட எங்களச் சேக்கிறியா? யாருய்யா உன்ன வேலைக்கு வச்சது?" ஒரே வண்டியில் ஏறிப் போய் அரண்மனையில் புகார் கொடுத்தார்கள்.

மாலையில் அரண்மனைச் செயலர் நரி வந்தது.

"நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. ஊரே ஒண்ணு சேந்திருக்கு, உங்களுக்கு எதிரா."

"இருக்கிறதத்தான் சார் சொன்னேன். ரெண்டு பேரும் இருக்க மேடு தாராளமாப் போதும்."

"போதும், யாரு இல்லேன்னா? ஆனா சொந்தக்காரங்கன்னு ஆயிட்டா வழக்கு அன்னைக்கே முடிஞ்சிடும். கீழ ஒருத்தன், மேல வேற ஒருத்தன்னு வைங்க. எவன் கீழ, எவன் மேலன்னு பேரன் பேத்தி காலம் வரைக்கும் நடக்கும். அதுவரைக்கும் ரெண்டு கூட்டமும் முட்காட்டுல இருக்கட்டும். மேட்டுல அரசர் காத்து வாங்குவார். அவருக்கும் வயசாச்சுல்ல."

நரி குழியை எட்டிப் பார்த்தது.

"மேல் அடுப்புல அந்த ஒரு கல்லு கொஞ்சம் எழும்பி இருந்தா தேவலை. நான் டீ குடிச்சிட்டு வந்து போட்டோ எடுக்கிறேன். உங்க நிரந்தர உத்தரவும் பையிலதான் இருக்கு."

நரி போனது. சுனையில் பன்றிக் குட்டிகளும் முள்ளம்பன்றிக் குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அலங்கு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு குழிக்குள் இறங்கி, மேல் அடுக்கின் தாழ்ந்த கல்லைத் தூக்கி, அடியில் ஒரு பிடி மண் வைத்து, மற்ற இரண்டுக்கும் சமமாக உயர்த்தியது.

நீதி: அகழாய்வுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி மண்ணைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அங்கே இருக்கிற மண் எல்லா நேரமும் ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது.