உழுத்தங்களி தின்ற மாப்பிள்ளை

நான் ஒரு மடையன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்த பெருமையை உங்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை. தேங்காய் துருவிக்கொண்டே ஒரு பெண் சொன்ன அபிப்பிராயங்களையெல்லாம் அரசாங்கக் கட்டளையாக எடுத்து, என் உடம்பிலேயே நிறைவேற்றிய ஆளை வேறெப்படி அழைப்பது?

பூமணி என் மாமாவின் மகள். வீடு கொக்குவிலில். எனக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஆனால் பேசும் படங்கள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வரத் தொடங்கிய அந்த நாட்களில், மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்க்கும் ஒருவனின் சம்பந்தமும் வந்து சேர்ந்தது. நானோ உதவி வாத்தியார். மாமா, "பூமணி ஆரை விரும்பிறாளோ அவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். (அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன தகப்பனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டியிருக்கலாம்.)

அதனால் பூமணிக்கு எப்படிப்பட்ட ஆம்பிளை பிடிக்கும் என்று அறிவதே என் முழுநேரத் தொழிலாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் அவள் சமைக்கும் குசினி வாசலில் குந்திவிடுவேன்.

"படத்திலை வந்த ராசா எப்பிடி?"

"அவனெல்லோ ஆம்பிளை! கன்னமும் கையும் கொழுகொழுவெண்டு. எங்கடை ஊர் ஆம்பிளையளும் இருக்கினமே, வேலிக் கதியால் தடி மாதிரி."

நான் கதியாலிலும் மெல்லியவன். வீட்டுக்கு வந்து உழுத்தங்களி கிண்டித் தரச் சொன்னேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"பெரியபிள்ளையான பெட்டையளுக்கு இடுப்புப் பலக்கக் குடுக்கிறதை உனக்கேனடா?"

நல்லெண்ணெய் மிதக்க மிதக்கத் தின்றேன். சதை வந்தது. தோளிலும் மார்பிலும் வரும் என்று காத்திருந்தேன். அது நேரே இடுப்புக்குப் போய்க் குடியேறியது.

அடுத்து தலைமயிர். "தோளிலை விழ வளர்த்தால் ஆம்பிளையளுக்கும் என்ன வடிவு! பேன் பார்க்கிற கரைச்சல் எங்களுக்கு மட்டும் ஏன்?" என்றாள். வளர்த்தேன். (பேனும் வந்தது.)

பிறகு மீசை. "மீசை முறுக்கிறதோ துணிவு? அதை வழிச்சுப்போட்டு, சீலை உடுத்துச் சபையிலை வந்து நிக்கிறானே நாடகக்காரன், அவனுக்கெல்லோ துணிவு!"

எனக்குத் தலை சுற்றியது. கொழுத்த, கூந்தல் வளர்த்த, மீசையில்லாத, சீலை உடுத்த வீரன். இப்படி ஒரு மாப்பிள்ளையை எந்தத் தரகர் எங்கே போய்த் தேடுவார்? இருந்தாலும் மீசையை வழித்தேன்.

அந்த நேரம் பார்த்து, மாமா வீட்டுக்கு அடுத்த வளவில் கோயில் நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ராணி வேடக்காரனுக்குக் கூகைக்கட்டு வந்து தாடை வீங்கிவிட்டது. நாடகம் பழக்கிய அண்ணாவியார் என்னைக் கண்டதும் கும்பிடாத குறை.

"தம்பி, உனக்குப் பொய்மயிரும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம்! ஒண்டு மட்டும் செய். நிலத்தைப் பார். அடியைச் சின்னனாய் வை. பாட்டு வருமட்டும் வாயைத் திறவாதை."

உடுப்போடு ஆடிப் பார்க்கும் பின்னேரம் வந்தது. பட்டுச்சீலை, பூ, வளையல் எல்லாம் போட்டதும், என் துணிவைப் பூமணிக்குக் காட்டும் ஆசை பிடித்தது. வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, அவர்கள் கிணற்றடியில் போய் நின்றேன்.

எங்கள் பக்கத்தில் அநேகமாகச் சொல்லிக்கொண்டு பெண் பார்க்க வரமாட்டார்கள். தண்ணீர் கேட்கிற சாட்டில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மலாயாக்காரனின் தாய் அப்படித்தான் வந்து நின்றா.

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாறியே?"

ஓடலாம் என்றால் சீலை விடவில்லை. பேசலாம் என்றால் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அண்ணாவியார் பழக்கியபடி நிலத்தைப் பார்த்து, சின்ன அடி வைத்து, செம்பை நீட்டினேன். அவ தண்ணீரைக் குடிக்காமல் என் கையைப் பிடித்து நுள்ளிப் பார்த்தா.

"நல்ல சதைப்பிடிப்பு. என்ன அடக்கம்! ஒரு சொல்லுக் கதைக்கேல்லை!"

அப்படியே விறாந்தைக்குப் போய், மாமாவிடம், "எங்களுக்குப் பூரண சம்மதம். நாள் வையுங்கோ" என்று சொன்னது கிணற்றடி வாழைமறைவில் ஒளிந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் பூமணியை மலாயாவுக்கு ஏற்றி அனுப்பியது யார்? நானேதான்! அழுவதா, அந்த மனுசி மெச்சியதற்குப் பெருமைப்படுவதா என்றே தெரியவில்லை.

அப்போது பூமணி கோப்பி கொண்டுவந்தாள்.

"இது ஆர்?" என்றா மலாயாக்காரனின் தாய்.

"இதுதான் பிள்ளை," என்றார் மாமா.

"இதோ? இது கறுத்து மெலிஞ்சு கிடக்கு! அப்ப கிணத்தடியிலை நிண்ட வடிவான பிள்ளை?"

மாமா கிணற்றடிக்கு ஓடி வந்தார், பின்னால் மற்ற இருவரும். நான் வாழைக்குள்ளிருந்து தலையை நீட்டினேன்.

"மாமா, அது நான்தான்."

அந்த அம்மா கோப்பியைத் தொடவில்லை. வாசல் படலை அடிபட்ட சத்தம் அடுத்த வளவில் மத்தளத்தையே நிறுத்தியது. மாமா தலையில் கைவைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். பூமணி என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், நெடுநேரம் நிறுத்தவில்லை.

"அப்பா, அத்தானையே செய்து வையுங்கோ. தனிய விட்டால் ஆரேனும் கட்டிக்கொண்டு போயிடுவினம்."

கலியாணம் நடந்தது. பிறகு எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த காலத்தில், சொந்தக்காரர் எல்லோரும் பூமணிக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: "மாப்பிள்ளை வீட்டார் வருகினம், உன்ரை மனிசனை எங்கையேன் ஒளிச்சு வை."

அப்படி ஒருநாள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது, மனம் பொறுக்காமல் கதவிடுக்கால் கேட்டேன்:

"இஞ்சரும், உண்மையைச் சொல்லும். உமக்கு எப்பிடிப்பட்ட ஆம்பிளைதான் பிடிக்கும்?"

"கேள்வி கேக்காத ஆம்பிளை."