என்னையும் தாத்தாவையும் மறுபடி ஒரே பெட்டியில் போடு

செல்லப் பேத்திக்கு, பாட்டி எழுதுவது. இங்கு நான் நலம், முழங்கால் நலமில்லை. உன் நலத்தை நீ எழுதினால்தானே தெரியும்.

அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: உன் அப்பா, பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, உன் அம்மா, உன் அத்தை, அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை, காலை மேசைமேல் நீட்டிக்கொண்டு, நீ, நான். தாத்தா படத்தில் மட்டும். யாரும் மறுக்க முடியாது, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வலைப்பக்கம் செய்கிற உத்தியோகத்தில் இருக்கிறோமே என்று நம் குடும்பத்துக்கும் ஒரு பக்கம் செய்து பெரிய திரையில் காட்டினாய். எல்லார் படமும் ஒரே வரியில் நிற்க, நானும் தாத்தாவும் மட்டும் கீழே, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி. மூத்தவர்களை ஏன் கடைசியில் வைத்தாய் என்று நான் கேட்கவே இல்லை, கேட்டேனா? "உங்க ரெண்டு பேரையும் ப்ரோகிராம்ல ஒரே துண்டா எழுதினேன் பாட்டி. ஒரு துண்டு ஒரு பொருளைத்தான் திரைக்கு நீட்ட முடியும், அதான் பெட்டிக்குள்ள போட்டு நீட்டினேன். பெட்டி அகலம், மேல இடம் பத்தல" என்றாய். பத்தாவிட்டால் போகிறது, ஒரே பெட்டிதானே என்று நான் இருந்தேன். மாப்பிள்ளை விட்டாரா? "பெட்டி எதுக்கு? வெத்து உறைல சுத்திக் கொடு. கொடுக்கும்போது ஒண்ணு, திரைக்குப் போனதும் உறையே இருக்காது, ரெண்டு பேரும் தனித்தனியா நிப்பாங்க" என்றார். நீயும் அப்படியே கீபோர்டில் தட்டினாய். பெட்டி போனது, நாங்கள் மேலே ஏறினோம், ஏழு பேரும் ஒரே வரி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து என் போனில் பார்த்தால் வரிக்கு மூன்று பேர்தான். முதலில் அப்பா, அம்மா, நீ. அடுத்து அத்தை, மாப்பிள்ளை, தாத்தா. அதற்கும் கீழே நான், ஒற்றையாய். ஐம்பத்திரண்டு வருஷம் என்னோடு சண்டை போட்ட மனுஷன் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்று சிரிக்கிறார். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "எங்க திரைல சரியாத்தானேம்மா இருக்கு?"

"உன் திரைலயாடா நான் குடியிருக்கேன்?"

உன் அத்தையைக் கூப்பிட்டால், "நீயும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்துலதாம்மா இருக்கீங்க" என்று சத்தியம் பண்ணுகிறாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை, "உங்கம்மாவைக் கண்ணாடி மாத்தச் சொல்லு" என்கிறார். காது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

கண்ணு, எனக்கு அழகு வேண்டாம். கீழே கிடந்தாலும் பரவாயில்லை. எந்தத் திரையில் பார்த்தாலும் பிரிக்க முடியாதபடி அந்தப் பெட்டியைத் திரும்பப் போடு. இந்த வீட்டில் நாற்காலி இரண்டு, தம்ளர் இரண்டு, ஆள்தான் ஒன்று.

எல்லாரும் நன்றாயிருங்கள். மாப்பிள்ளையும்தான், கொஞ்சம் குறைச்சலாக.

இப்படிக்கு,
பாட்டி

பின்குறிப்பு: பெட்டி வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் போன் கை நழுவிப் படுக்கைவாட்டில் விழுந்தது. பார்த்தால் வரிக்கு நான்கு பேர், தாத்தா என் பக்கத்தில் வந்து நிற்கிறார். கூடவே மாப்பிள்ளையும், அது கிடக்கட்டும். நிமிர்த்தினால் போய்விடுகிறார், சாய்த்தால் வந்துவிடுகிறார். காலையிலிருந்து எனக்கு இதே வேலை. உயிரோடு இருந்தபோது கூப்பிட்டதும் வந்த ஆளில்லை. நீ எதையும் தொடாதே. மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடு. "இதோ வந்துடறேன்" என்று செருப்பைக்கூடக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாரே, உன் தாத்தா, அவரை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.