வாச்சர் அண்ணாச்சி பார்த்த புலி

புலியைப் பற்றி எங்கள் வாச்சர் அண்ணாச்சிக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. புலிக்கே தெரியாத சில விஷயங்கள்கூட அவருக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்களுக்கு எதிர்வீடு அவருடையது. வனத்துறையில் முப்பது வருஷம் வாச்சராகச் செண்பகத்தோப்புக் காட்டைச் சுற்றிவிட்டுப் போன வருஷம்தான் ரிட்டையர் ஆனார். இப்போதும் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூடக் காக்கிக் கால்சட்டையும் கையில் கம்பும்தான்.

தெருவில் அவருக்கு இருக்கும் மரியாதைக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு கதை. ஒரு மழைக்காலத்தில் ஓடை வளைவில் புலி அவருக்கு எதிரே வந்து நின்றதாம். இவர் அசையவில்லையாம், புலியும் அசையவில்லையாம். கடைசியில் புலிதான் வழி விட்டுப் போனதாம். நான் முதல்முறை கேட்டபோது நடுவில் இருபது அடி இருந்தது. பிறகு பத்தடி ஆனது. ரிட்டையர்மென்ட் விருந்தில் கை நீட்டித் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்திருந்தால் புலி அவர் மடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். ஒருநாள் டீக்கடையில் அவரே சொன்னார். "தம்பி, ஒங்கிட்ட மட்டும் சொல்லுதேன். கால்தடம் பாத்துருக்கேன், மரத்துல நகத்தால கீறுனதப் பாத்துருக்கேன். எச்சத்தப் பாத்தே நேத்து என்னத்தத் தின்னுச்சுன்னு சொல்லிருவேன். புலிய மட்டும் பாத்ததில்ல." காட்டில் மாட்டியிருந்த கேமராவில் ஒருமுறை ஒரே பாதையில் இரண்டு படங்கள் விழுந்திருந்தனவாம். முதல் படத்தில் இவருடைய முதுகு. நாலு நிமிஷம் கழித்து விழுந்த படத்தில் புலி. "அது என்னைய நல்லாப் பாத்துருக்கு தம்பி. நான்தான் திரும்பிப் பாக்கல" என்று டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

இந்த லட்சணத்தில், நாங்கள் மதினி என்று கூப்பிடும் அவர் மனைவி பேச்சியம்மாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"முப்பது வருசமா புலி புலின்னு காட்டுலயே கெடந்தீக. அத எனக்கு ஒரு தடவ காட்டுங்க. திருவனந்தபுரத்து மிருகக்காட்சி சாலைல இருக்காம்லா, வேன் புடிச்சுப் போவோம்."

அன்று சாயங்காலமே அண்ணாச்சி என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "புலிய மொதத் தடவையாப் பாக்கும்போது என் மூஞ்சி எப்பிடிப் போகும்னு எனக்கே தெரியாது. அவ பக்கத்துலயே நிப்பா. கண்டுபுடிச்சிட்டான்னா முப்பது வருச மானமும் அம்புட்டுத்தான். நீயும் வா." அவர்கள் இருவர், மகள், மருமகன், நான், என் மனைவி என்று ஆறு பேர் கிளம்புவதாக முடிவானது.

உள்ளே உதறல் இருந்தாலும் உத்தரவுகளில் அது தெரியவில்லை. சிவப்பு, மஞ்சள் உடுத்தக் கூடாது. பவுடர் கூடாது. புளியோதரையில் பெருங்காயம் கூடாது. மருமகன் ஆசையாகப் போட்டிருந்த மஞ்சள் டீ-ஷர்ட்டைக் கழற்றச் சொல்லித் தன் பழைய காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார். மதினி மட்டும் தலை கொள்ளாத மல்லிகைப்பூவோடு வேனில் ஏறினார்.

"ஏட்டி, வாசம் காத்துல போகும். புலி ஓடிரும்."

"கூண்டுக்குள்ள எங்கன ஓடும்? பேசாம வாங்க."

விடியுமுன் கிளம்பி, ராஜபாளையம், செங்கோட்டை தாண்டி, பத்து மணிக்குப் போய் இறங்கினோம். டிக்கெட் வாங்கியதும் அண்ணாச்சி ஓரத்துச் செடியில் ஒரு கொப்பை ஒடித்து, வாசலருகே கிடந்த கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் காட்டுத் தெய்வம் வனப்பேச்சிக்குத் தழை போடாமல் யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்ற காவலாளிக்கு வனப்பேச்சியைத் தெரியாது. விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். மலையாளத்தில் அவர் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் டிபார்ட்மெண்ட்தான் சார்" என்று அண்ணாச்சி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். என்ன நினைத்தாரோ, அந்த மனிதரும் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே ஒற்றை வரிசைதான். பேச்சு கிடையாது, சைகை மட்டும். மான்களுக்கு எதிரே ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் வரிசையில் சேர்ந்துகொண்டன. அந்த ஊர் முறையே இதுதான் என்று நினைத்திருப்பார்கள். நீர்யானையிடம் மட்டும் அவர் நிற்கவில்லை. "இது நம்ம ரேஞ்சுல கெடையாது" என்று ஒதுக்கிவிட்டார்.

புலி இருக்கும் இடத்துக்கு வந்தோம். புதர் இருந்தது, மூங்கில் இருந்தது, புலியைக் காணோம். கூடியிருந்தவர்கள் கத்திப் பார்த்தார்கள், கையைத் தட்டிப் பார்த்தார்கள், அரைமணி நேரத்தில் சலித்துக் கலைந்தார்கள். "தூங்குது போல மாமா, போவோம்" என்றார் மருமகன். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. புலி வராமல் போனால் அவர் மானம் பிழைத்தது. ஆனால் மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் பாக்காம வரல."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். "எல்லாரும் உக்காருங்க" என்றார் மெதுவாக. "மூங்கிலுக்குப் பின்னால இருக்கு. மைனா சத்தம் மாறிருச்சு. எந்திரிச்சிருச்சு, இப்ப வரும்."

காக்கிச் சட்டை மருமகன் உட்பட அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்தோம். மூங்கில் அசைந்தது. புலி வந்தது. நேராக எங்களுக்கு எதிரே வந்து நின்றது.

நான் அண்ணாச்சியைத்தான் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மதினியும் புலியைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான் மொதமொதப் பாக்கீகளா?"

அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்கு அப்பவே தெரியும். நெசமாப் பாத்துருந்தா வந்து கதை சொல்லிருக்க மாட்டீக. இப்பிடித்தான் வாயடச்சு நின்னுருப்பீக."

சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து புலியைப் பார்த்தார்கள். போவோம் என்று சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் தெருவே கூடிவிட்டது. "என்ன வாச்சரே, ஒங்க பழைய புலி கெணக்கா இருந்துச்சா?" என்று பால்கோவாக் கடைக்காரர் வம்புக்கு இழுத்தார். அண்ணாச்சி தலையைக் குனிந்தார். உண்மையைச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குப் பட்டது. அதற்குள் மதினி வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எம்புட்டோ பேரு கூப்புட்டாக, அது அசையல. இவுக போயி நின்னாக, எந்திரிச்சு வந்துருச்சு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. புலியை விடுங்கள், அண்ணாச்சி வந்து எங்கள் வாசலில் நின்றால் நானும்தான் எழுந்து வந்துவிடுகிறேன்.