ஊசி மாடிப்படி இறங்காது

உபதேசச் சர்க்கரைக்காரர் என்று ஒரு பிராணி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஆள் வாசலுக்கு வருமுன் குரல் கூடத்துக்கு வந்துவிடும். இவருக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று சொல்வது மரியாதையில்லை. பட்டம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். யார் வீட்டில் டீ கொடுத்தாலும் "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று தொடங்கி, கொடுத்தவரின் அப்பாவுக்கு உண்டா, அம்மாவுக்கு உண்டா என்று விசாரித்து, இல்லை என்றால் லேசாக ஏமாந்து, உண்டு என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ ஆறி ஆடை கட்டும்வரை பாடம் நடத்துவார். மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைப் பிள்ளையின் பரீட்சை மார்க் மாதிரி சொல்வார். நீங்கள் கேட்க மாட்டீர்கள். அவர் சொல்வார்.

நமக்கு வாய்த்தவர் ஒரு சோப்புக் கம்பெனியில் சரக்குப் பிரிவு மேலாளர். அறை மாடியில். கீழே, சோப்பு அடுக்கும் கூடத்தில் நாற்பது பெண்கள். அவர்கள் வைத்த பெயர் சர்க்கரை வாத்தியார். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. சந்தோஷப்பட்டார்.

ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்குமுன், நர்ஸ் ஒருத்தி ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவாள். ஆபீஸ் ஆட்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி. வரிசையில் முதல் ஆள் வாத்தியார்தான். ஊசி போடுவது அரை நிமிடம். சுருட்டிவிட்ட சட்டைக்கை இறங்குவதற்குச் சாயங்காலம் ஆகும். பஞ்சு ஒட்டிய புஜத்தோடு படியிறங்கிக் கூடத்துக்குள் வரும்போது, போரில் காயம்பட்டுத் திரும்பிய தளபதியின் நடை.

அந்த வருடம் அவர் நின்ற இடம் பெட்டியக்காவின் மேசை. பெட்டியக்காவுக்கு ஐம்பது வயது. அட்டைப்பெட்டி மடிப்பது வேலை. நின்றபடி எட்டு மணி நேரம். அவளுக்கும் சர்க்கரை. சொல்லப்போனால் நோயில் வாத்தியாரைவிட நாலு வருடம் மூத்தவள்.

"ஏம்மா, உனக்கும் சுகர்தானே? ஊசி போட்டுக்கிட்டியா?"

"இல்ல சார். மேல வந்தா எனக்கும் போடுவாங்களா?"

"அது எங்களுக்கு மட்டும்தான்மா. நீங்கள்லாம் கான்ட்ராக்ட், லிஸ்ட்ல பேர் வராது. ஆனா போட்டுக்கணும். கண்டிப்பா போட்டுக்கணும். நமக்கு ஃப்ளூ வந்தா மத்தவங்க மாதிரி மூக்கச் சிந்திட்டுப் போயிடாது. சுகர் எகிறும். சளி நெஞ்சுல இறங்கும். ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் படுக்க வச்சிடும்."

கவனித்தீர்களா? நோய் என்று வரும்போது 'நமக்கு'. ஊசி என்று வரும்போது 'எங்களுக்கு'. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மருத்துவப் பிழையும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

பெட்டியக்கா அதை நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு. வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டு, அரை நாள் லீவுக்குப் படிவம் எழுதிக்கொண்டு மாடியேறினாள்.

"புதன்கிழமை மட்டும்தான் போடுறாங்க சார். ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும்."

"ரொம்ப நல்ல விஷயம்! இப்படித்தான் இருக்கணும்!" வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "ஆனா இந்தப் புதன் ரெண்டு லாரி வருதேம்மா. அடுத்த வாரம் போயேன்."

அடுத்த வாரம் இருவர் வேலைக்கு வரவில்லை, ஆள் பத்தாது. அதற்கடுத்த வாரம் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். கூடம் நிறைந்திருக்க வேண்டும். மூன்றாவது படிவத்தையும் வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்த வாத்தியார், அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. 'தடுப்பூசியின் அவசியம்' என்ற வண்ணத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு அவள் படிவம் எழுதவில்லை. ஃப்ளூ படிவம் கேட்காமலே வந்தது.

கூடத்தில் முதலில் இருமியது யார் என்று தெரியாது. ஒரே வாரத்தில் பாதி மேசை காலி. மற்றவர்கள் ஐந்தாறு நாளில் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினார்கள். பெட்டியக்கா திரும்பவில்லை. மூச்சு வாங்கி, சர்க்கரை நானூறைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்று அவளுடைய மகள் போன் செய்தாள்.

வாத்தியாருக்கு நிஜமாகவே வருத்தம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து புலம்பினார்.

"தலைதலையா அடிச்சிக்கிட்டேன். யார் கேக்கறாங்க? இந்த ஜனங்களுக்கு அக்கறையே கிடையாது."

"போறேன்னு லீவு கேட்டாளா?" என்றாள் மனைவி.

"கேட்டா."

"குடுத்தீங்களா?"

"லாரி வந்துச்சு."

மனைவி அன்று தட்டைச் சற்றுச் சத்தமாக எடுத்தாள்.

மறுநாள் ஆறு ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பெண்கள் வார்டு, சன்னலோரக் கட்டில். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிக் கண் பெரிதாகத் தெரிந்தது. மகள் எழுந்து முக்காலியை நகர்த்திப் போட்டாள். வாத்தியார் உட்கார்ந்தார். ஒரு வேளைக்குப் பாதி ஆப்பிள்தான் தின்ன வேண்டும் என்றார். தோலோடு தின்ன வேண்டும் என்றார். பிறகு, வாய் சும்மா இருக்குமா?

"அப்பவே சொன்னேன்லம்மா."

பெட்டியக்கா அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை, கோபப்பட மூச்சு வேண்டும். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சொன்னீங்க சார். எத்தனையோ தடவ சொன்னீங்க. லீவுதான் ஒரு தடவகூடக் குடுக்கல."

மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி பார்க்காத மாதிரி பார்த்தாள். வாத்தியாருக்குக் காது மடல் சுட்டது. கவிழ்த்து வைத்த மூன்று படிவங்களும் இன்னும் மேசைமேல் அப்படியே கிடப்பது ஞாபகம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதன்முறையாக அறிவுரை ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு நிமிடம், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நம்மைப்போல் ஒரு மனிதராக இருந்தார்.

ஆனால் இந்தப் பிராணிக்கு உயிர் கெட்டி. ஆஸ்பத்திரிப் படியிறங்குவதற்குள் தேறிவிட்டார். தப்பு எங்கே என்று கண்டுபிடித்தும் விட்டார்: விழிப்புணர்வு போதவில்லை!

பெட்டியக்கா ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். சட்டை தோளில் நிற்கவில்லை. அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள்: 'சர்க்கரையும் தடுப்பூசியும் – மேலாளர் சிறப்புரை. அனைவரும் கட்டாயம் வர வேண்டும்.' அன்று லாரி கிடையாது என்று பார்த்து நாள் குறித்திருந்தார். புதன்கிழமை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.

எதற்கும் நிற்காத கூடம் அன்று சிறப்புரைக்காக நின்றது. வாத்தியார் பின்னால் பெரிய திரை. பத்தரை மணிக்கு, திரையில் 'தாமதிக்காதீர்! இன்றே போட்டுக்கொள்வீர்!' என்ற சிவப்பு எழுத்து மின்னிக்கொண்டிருந்தபோது, பெட்டியக்கா எழுந்தாள்.

"என்னம்மா, சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல சார். பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க. நான் கெளம்பறேன்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இன்னொன்று. சர்க்கரைக்காரிகள் நாலு பேர், இத்தனை நாள் வாயே திறக்காதவர்கள், அவள் பின்னால் போனார்கள். சற்று நேரத்தில் மேசைமேலிருந்த இன்டர்காம் அடித்தது. வாட்ச்மேனுக்கு எப்போதும் உரத்த குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், அஞ்சு பொம்பளைங்க வெளிய போகணுங்கறாங்க. சீட்டு இல்ல. விடவா, வேணாமா?"

முப்பத்தைந்து பேர் அவரைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார். தாமதிக்காதீர், தாமதிக்காதீர் என்று அது மின்னியது.

"விடுப்பா," என்றார் வாத்தியார்.

ஐந்து பேரும் போட்டுக்கொண்டார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையை நான் பார்த்தேன். 'மேலாளரின் உரையால் உந்தப்பட்ட ஐந்து பெண்கள், உரை முடியும்வரைகூடப் பொறுக்க மாட்டாமல் எழுந்தோடிச் சென்று ஊசி போட்டுக்கொண்டனர்' என்று எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இந்த வருட ஊசி ஆகிவிட்டது, தெரியும். உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிறவருக்கும் சர்க்கரை உண்டு; அதுவும் உங்களுக்குத் தெரியும். போட்டுக்கொள்ளச் சொல்லி இரண்டு தடவை எடுத்துச் சொல்லியும் இருப்பீர்கள், நல்ல மனசு. சரி, அவர் அங்கே போய் வரிசையில் நிற்கப்போகிற அந்தக் காலையில், பாத்திரத்தை யார் துலக்குவது?