இருநூற்று முப்பதில் நின்ற சோப்பு டப்பா

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. எனக்கு அது கழுத்துவரை இருந்தது.

இன்ஜினியரிங் முடித்துவிட்டுக் கோட்டைக்குப்பத்தில் சும்மா இருந்த காலம். (வேலை தேடுகிறேன் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டோம்.) சாயங்காலமானால் எங்கள் தெருவில் கரண்ட் இளைத்துப்போகும். அத்தைக்கு இறால் வியாபாரம். அவள் ஃப்ரீசர் முனகும், ஆனால் ஓடாது. வாரத்துக்கு ஒரு பெட்டி இறாலாவது நாறிப்போகும். புது டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுத்தோம். கரண்ட் ஆபீஸ் ஏ.இ. (உதவி இன்ஜினியர்), வோல்டேஜ் குறைகிறது என்பதற்கு ஆதாரம் கேட்டார்.

"ஆதாரம்தானே? நான் காட்டறேன்!" என்று குதித்தேன். ஒரு பிரியாணி விலைக்கு வோல்டேஜ் அளக்கும் சென்சார் வாங்கி, சின்னத் திரையோடு சேர்த்து சோப்பு டப்பாவில் அடைத்து, அத்தை வீட்டு பிளக்கில் சொருகினேன். வாய்க்கு வந்த எண்ணைக் காட்டியது. அதிலுள்ள குட்டித் திருகாணியைத் திருகிச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேனே! திருகி 230இல் நிறுத்தினேன். அப்போது மணி சாயங்காலம் ஏழு. (உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.)

மறுநாள் அதே ஏழு மணிக்கு ஏ.இ. அத்தை வீட்டுக்கு வந்தார். தெருவே கூடி நின்றது. பிளக்கில் இருந்த டப்பாவைக் காட்டினேன். 230.

"சூப்பர் வோல்டேஜ்மா! எங்க ஆபீஸ்லகூட இவ்ளோ வராது."

டப்பாவைத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் 230. அத்தை முறைத்தாள்.

"இன்னாடி இது? உன்னைப் படிக்க வெச்சது இதுக்கா?" என்றவள் அவரிடம் திரும்பினாள். "சார், அந்த டப்பாவ வுடுங்க. ஃபேனைப் பாருங்க. ரெக்கைய எண்ணலாம். ஒண்ணு... ரெண்டு... மூணு..."

தெருவே சேர்ந்து எண்ணியது. ஏ.இ.யும் எண்ணினார். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஜீப்பிலிருந்து தன் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். 160. அந்த நோஞ்சான் கரண்டுக்குத்தான் நான் 230 என்று பட்டம் கட்டியிருந்தேன்.

டிரான்ஸ்பார்மர் வந்தது. அன்றைக்கும் ஆசை விடாமல், பழைய திருகலை மாற்றாமலே டப்பாவைச் சொருகினேன். 330! "ஐயோ, வெடிக்கப் போவுது!" என்று அத்தை இறால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று நைனா கேட்டார். "தங்கமான மனுஷன்," என்றேன்.

அடுப்படியிலிருந்து அத்தை கத்தினாள்: "அளந்து சொன்னது இவளா? அப்போ ஏ.இ. சாரை ஒரு தபா வந்து பாக்கச் சொல்லுங்க!"

கூடத்தில் இருந்த மாப்பிள்ளை காதில் அது விழுந்துவிட்டது. இன்றைக்கும் நான் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றால் போதும், அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏ.இ. சார் வரட்டும்," என்கிறார்.