நான்ஸ்டாப் அண்ணன் சோத்தாங்கைப் பக்கம் திரும்பிய கதை

உத்திரமேரூரில் தரையில் கால் படாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் நான்ஸ்டாப் அண்ணன்தான். சாமிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எழுபதுகளில் ஊர் ஊராக ஒரு வேடிக்கை நடக்கும். மைதானத்தில் கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிளில் அதைச் சுற்றுவார். குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் சீட்டின் மேலேயே. அண்ணன் அப்படித்தான் எங்கள் சந்தை மைதானத்தில் ஒரு வாரம் சுற்றினார். கம்பத்தைப் பிடுங்கிய பிறகும் மனுஷன் இறங்கவில்லை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, அவித்து விற்க ஆரம்பித்தார். பொட்டலம் வேண்டுமென்றால் நாம்தான் கூடவே ஓட வேண்டும்.

"இன்னாண்ணே, கொஞ்சம் நில்லேன்!"

"நின்னா நான் இன்னாடா நான்ஸ்டாப்பு? ஓடியா, ஒடம்புக்கு நல்லது!"

ஒரே ஒரு குறை. கம்பத்தை இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி, அவருக்கு வலப்பக்கம் திரும்புவது அடியோடு மறந்துபோனது. செங்கல்பட்டு ரோட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், இடப்பக்கமாக முக்கால் வட்டம் அடித்துத்தான் போய்ச் சேருவார். பஸ்கள் பேசாமல் காத்திருக்கும். ஹாரன் அடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டிரைவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் டீக்கடையில் நெல் லாரி டிரைவர் ஒருவர் அவரைச் சீண்டினார்.

"யோவ், சமதரையில எவன்தான் வுடமாட்டான்? ஏலகிரி மலை கீதே, அதுல ஏறு பாப்போம். கால ஊனிட்டன்னா, வண்டிய தள்ளிக்கினு பஜார்ல நடந்து வரணும். நான்ஸ்டாப்புங்கிற பேரையும் வுட்டுடணும்!"

அண்ணனுக்கு அந்தப் பேரை விட்டால் வேறு சொத்து கிடையாது. பெற்றவர்கள் வைத்த பேர் அவர் சம்சாரத்துக்கே சட்டென்று ஞாபகம் வராது.

"ஏறறன்யா!" என்றார் அண்ணன், டீக்கடை பெஞ்சை இன்னொரு சுற்று சுற்றியபடி.

அதே லாரியில் கிளம்பினோம். மூட்டைகளுக்கு நடுவே சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார் அண்ணன். அடிவாரத்தில் பலகை சாய்த்து உருட்டிவிட்டோம். லாரி பின்னாலேயே ஊர்ந்தது.

இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் சர்ரென்று ஏறினார். வலப்பக்க வளைவு வந்தால், அங்கேயே இடப்பக்கமாக ஒன்றரை வட்டம் அடித்துவிட்டு மேலே போவார். ஒவ்வொரு வட்டத்துக்கும் பள்ளத்தாக்கின் விளிம்பைத் தொட்டுவிட்டு வருவார். மலையின் அழகு அழகு என்கிறார்களே, அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட அவரைத்தான் பார்த்தன.

கடைசி வளைவு. அதுவும் வலப்பக்கம். மேலிருந்து வந்த பஸ் ஒன்று, அவர் வட்டமடிக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள் தள்ளாடியது. பெடலை விட்டு ஒரு கால் இறங்கியது. செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு மல்லாட்டை நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

"அண்ணே, சோத்தாங்கைப் பக்கம்!" என்று கத்தினேன்.

"அந்தப் பக்கம் வராதுடா!"

லாரியிலிருந்து தலையை நீட்டி, பந்தயம் கட்டிய டிரைவரே அலறினார். "ஹேண்டில ஒடிய்யா! சோறு துன்ற கைதானே, வராம எங்க பூடும்?"

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒடித்தார். சைக்கிள் ஒருதரம் முனகிவிட்டு வலப்பக்கம் திரும்பியே விட்டது! பஸ்ஸே எழுந்து நின்று கைதட்டியது.

உச்சியில் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், வலப்பக்கமாக. டிரைவர் தன் லாரியின் முகப்பில் கிடந்த சாமந்தி மாலையைக் கழற்றிக்கொண்டு ஓடினார்.

"நில்லுய்யா, மாலை போடணும்!"

"ஓடியாந்து போடு!"

மூச்சு வாங்க ஓடிப் போய்த்தான் போட்டார். எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

இப்போதும் மலைப்பாதையில் பஸ் வலப்பக்கம் வளைந்தால், "சோத்தாங்கை, அண்ணே" என்று என் வாய் முணுமுணுக்கிறது. பஸ் வளைந்து முடிக்கும்வரை, என் கால் இரண்டும் தரையில் படாமல் தூக்கியே இருக்கின்றன.