நுள்ளு அண்ணாச்சியும் சில வார ஊசியும்

திருவனந்தபுரத்தில் இனிப்பே தின்னாமல் சர்க்கரை வியாதியை வரவழைத்துக்கொண்ட ஒரே மனிதர் நுள்ளு அண்ணாச்சிதான். சந்தேகமிருந்தால் அவரே சத்தியம் செய்வார்.

சாலை பஜாரில் அவருக்கு வெல்ல மண்டி. மாடியில் வாடகைக்கு நான். நுள்ளு என்றால் இந்த ஊரில் ஒரு கிள்ளு. லோடு இறங்கினால் ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "உப்பு நிக்கி, திருப்பி ஏத்து" என்பார். அதற்குப் பஜாரில் மறுபேச்சு கிடையாது. ஆனால் காப்பிக்குச் சர்க்கரை போடமாட்டார். நாக்கு கெட்டுவிடுமாம். கல்யாணப் பாயசத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் தாகம், அசதி என்று என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டரம்மா மலையாளி.

"அண்ணாச்சி, மதுரம் கழிக்குமோ? இனிப்பு சாப்பிடுமோ?"

"தொடவே மாட்டேன் டாக்டரே. சாரைக் கேட்டுப் பாருங்க."

"அப்போ மண்டியிலே?"

"அது ருசி பாக்கதுல்லா! திங்கதாகுமா?"

ஒரு நாளைக்கு எத்தனை நுள்ளு என்று நான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை நானூற்றுச் சொச்சம்.

"முதல்லே கொஞ்ச வாரம் இன்சுலின். களைச்சுப்போன கணையத்துக்கு ஒரு விஸ்ரமம் கொடுக்கணும். தொடக்கத்திலேயே கொடுத்தா, பின்னே மருந்தில்லாமே இருக்கவும் சான்ஸ் உண்டு. பேடிக்கண்டா, பயமே வேண்டா."

அண்ணாச்சியின் காதில் இன்சுலின் மட்டும்தான் விழுந்தது. அது கடைசிக் கட்டம் என்பது அவர் முடிவு. நேரே ஸ்டுடியோவுக்குப் போய், மாலை போட்டு மாட்டத் தோதாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தொப்பை தெரிகிறது என்று இரண்டாவதும் எடுக்க வைத்தார்.

சிப்பத்தை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர், முடியளவு ஊசிக்கு நடுங்கினார். அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்காததால் ஊசி போடும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு, "சாரே, கொன்னுராதிய!" என்ற அலறலில் எதிர்க்கடைப் பாத்திரங்கள் அதிரும்.

சில வாரங்களில் ஊசியின் அளவு குறைந்து, நின்றும் போனது. மாதக்கணக்கில் மருந்தில்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது.

"தணிஞ்சிருக்கு, அவ்வளவுதான். திரும்பி வரும். இனி ஒரு நுள்ளுகூடக் கூடாது," என்றார் டாக்டரம்மா.

அண்ணாச்சி பஜார் முழுக்க, "நமக்குச் சுகமாயாச்சு!" என்று அறிவித்தார். சுகர்க்காரர்களை வழிமறித்து, "ஒடனே ஊசி போடும்வே" என்று உபதேசித்தார். "எனக்கு வந்து இருபது வருசமாச்சு ஓய், இனி எங்க தொடக்கம்?" என்று ஒரு தரகர் எரிந்து விழுந்த பிறகுதான் அடங்கினார்.

ஆனால் மாடிக்கு வந்து அழுதார். "நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா மண்டியில எவன் என்னை மதிப்பான் சாரே?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் அவருடைய நாக்கானேன். நான் நுள்ளி ருசி பார்த்துக் காதில் சொல்வேன். அவர் கண்ணை மூடித் தீர்ப்பு வழங்குவார். இரண்டு வருடம் ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் நான் ஒரே மூச்சில் இரண்டு பாட்டில் தண்ணீர் குடிப்பதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அதே டாக்டரம்மா, அதே தீர்ப்பு: எனக்கும் சில வாரம் ஊசி.

மறுநாள் லோடு இறங்கியதும் அண்ணாச்சி நடு பஜாரில் நின்று, "என் நாக்கு போயி ரெண்டு வருசமாச்சு. இவ்வளவு நாளும் சாரு நாக்குதான். இனி மோந்து பாத்துத்தான் சொல்லுவேன். இஷ்டமுள்ளவன் வாங்கு, கேட்டியா!" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது காலை ஏழு மணிக்கு, குளித்துத் திருநீறு பூசி, ஊசியோடு என் அறைக்கு வருகிறார். "கண்ணை மூடிக்கிடுங்க சாரே, ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணை மூடிக்கொள்கிறார். நேற்று இரண்டு இடத்தில் குத்தினார்.

எனக்கு நானே போட்டுக்கொள்ள நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஆறே முக்காலுக்கே கதவைத் திறந்து வைத்துவிடுகிறேன்.